பிளேஸ்டேஷன் 5-க்கு 2024 ஏமாற்றமான ஆண்டா?

கேள்வி இதுதான்: "2024-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த கேம்களை வரிசையாகப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. சோனியின் பெரிய ஸ்டுடியோக்களிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. இந்த கன்சோலுக்கு இதைவிட மோசமான ஆண்டு உண்டா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்சோலுக்கு (சோனியின் கேம் இயந்திரமான பிஎஸ்5-க்கு) அது நல்ல ஆண்டு. சோனியின் சொந்த ஸ்டுடியோக்களுக்கு மெலிந்த ஆண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் இந்தச் சண்டை முடியவே மாட்டேன் என்கிறது.

முதலில், "2024-ல் கேமே இல்லை" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம். அந்த ஆண்டு பிப்ரவரி நடுவில் சோனி தன் காலாண்டு நிதி முடிவுகளை வெளியிட்டது. அப்போது முதலீட்டாளர்களிடம் ஒரு விஷயம் சொன்னார்கள்: காட் ஆஃப் வார் ரக்னராக், ஸ்பைடர்-மேன் 2 போல, ஏற்கெனவே இருக்கும் பெரிய தொடர்களில் புதிய கேம் எதையும் 2025 மார்ச் வரை வெளியிடும் திட்டம் இல்லை. கவனித்துப் படித்தால் அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் தொடராக இருக்க வேண்டும், அதுவும் பெரிய தொடராக இருக்க வேண்டும். வாய்க்கு வாய் பரவும்போது இரண்டும் உதிர்ந்துபோய், "இந்த வருஷம் பிஎஸ்5-க்கு ஒன்றும் கிடையாது" என்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் அன்றைய தேதியில் ஹெல்டைவர்ஸ் 2 வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சரி, காலண்டரைப் புரட்டுவோம். ஜனவரி 26 அன்று ஒரே நாளில் டெக்கன் 8, லைக் எ டிராகன்: இன்ஃபினிட் வெல்த். அடுத்த வாரம், பிப்ரவரி 2-ல், பெர்சோனா 3 ரீலோட். 8-ல் ஹெல்டைவர்ஸ் 2. 20-ல் பலாட்ரோ. 29-ல் ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த். மார்ச் 22-ல் ரைஸ் ஆஃப் தி ரோனினும் டிராகன்ஸ் டாக்மா 2-வும் ஒரே நாளில் மோதிக்கொண்டன. (சோனியே வெளியிட்ட கேமை கதாபாத்திரத்தை வளர்த்து ஆடும் இன்னொரு பெரிய ஆர்பிஜி வரும் அதே நாளில் இறக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ!) ஏப்ரல் 26-ல் ஸ்டெல்லர் பிளேட்.

இதில் இன்ஃபினிட் வெல்த், பெர்சோனா 3, ரீபர்த் மூன்றும் நாற்பது, ஐம்பது மணி நேரம் இல்லாமல் முடியாதவை. மூன்றும் ஐந்து வாரத்துக்குள் வந்தன. வேலை, குடும்பம் என்று இருப்பவர் இந்த மூன்றை மட்டும் முடித்தாலே பாதி ஆண்டு போய்விடும். பிரச்சினை பற்றாக்குறையில் இல்லை, நெரிசலில் இருந்தது. எல்லாம் முதல் நான்கு மாதத்தில் குவிந்துவிட்டு, மே மாதத்தில் திடீரென்று வறண்டுவிட்டது. ஜூன் 21-ல் எல்டன் ரிங்கின் விரிவாக்கம் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, ஆகஸ்ட் 20-ல் பிளாக் மித்: வுகோங். நடுவில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏமாற்றம் என்று சொல்பவர்கள் இந்த இடைவெளியைக் காட்டினால் நான் மறுக்கமாட்டேன். அப்புறம் செப்டம்பர் 6-ல் ஆஸ்ட்ரோ பாட், அக்டோபர் 8-ல் சைலன்ட் ஹில் 2 ரீமேக், 11-ல் மெட்டஃபர்: ரீஃபான்டாசியோ என்று மறுபடி வேகம் பிடித்தது.

ஆண்டு முடிவில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் 'ஆண்டின் சிறந்த கேம்' விருதுக்கு ஆறு பேர் போட்டியில் நின்றார்கள்: ஆஸ்ட்ரோ பாட், பலாட்ரோ, பிளாக் மித்: வுகோங், ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, ரீபர்த், மெட்டஃபர். ஆறையும் ஒரே இயந்திரத்தில் ஆட முடியும் என்றால் அது பிஎஸ்5 மட்டும்தான். விருதுகளை வைத்து ரசனையை அளக்க முடியாது, உண்மைதான். ஆனால் "மிக மோசமான ஆண்டு" என்று சொல்லப்படும் ஒரு பட்டியலில் இப்படி நடப்பது கொஞ்சம் வேடிக்கையாக இல்லையா?

ஹெல்டைவர்ஸ் 2 பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். "ஏமாற்றம்" அணியினர் பட்டியல் போடும்போது இதை எப்போதும் ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஸ்வீடனில் இருக்கும் ஆரோஹெட் செய்தது, சோனி வெளியிட்டது, பிஎஸ்5-லும் பிசியிலும் ஒரே நாளில் வந்தது. 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றன. சோனி வெளியிட்ட கேம்களிலேயே அத்தனை வேகமாக விற்றது அதுதான்.

விற்பனையை விடுங்கள், ஆடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான்கு பேர் ஒரு கிரகத்தில் இறங்குகிறீர்கள். ஒருவர் செத்துவிட்டார். அவரைத் திரும்ப வரவழைக்க ஒரு பட்டனை அமுக்கினால் போதாது. மேல், கீழ், வலம், இடம், மேல் என்று அம்புக்குறிகளை வரிசை தப்பாமல் அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் பூச்சிப் படை காலுக்குக் கீழே வந்துகொண்டிருக்கும். பதற்றத்தில் நான்காவது அழுத்தம் தவறும், மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக அழைத்துவிட்டோம் என்று நிமிர்ந்தால், பக்கத்தில் இருக்கும் நண்பர் எறிந்த குண்டுவீச்சுச் சமிக்ஞை நம் காலடியில் மின்னிக்கொண்டிருக்கும். இந்த கேமில் நம் ஆள் சுட்டாலும் நாம் சாவோம். கத்தல், சிரிப்பு, பழிபோடல் எல்லாம் ஒன்றாக வரும். இதற்கு மேல், உலகம் முழுக்க ஆடுபவர்கள் எல்லாருக்கும் ஒரே போர் வரைபடம். மாலவலான் கிரீக் என்ற கிரகத்தைக் காப்பாற்றுவதை ஒரு கூட்டம் மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் வைத்திருந்த ஆண்டை, கதை சொல்லும் கேம் ஒன்று வரவில்லை என்பதற்காக வெறும் ஆண்டு என்று எப்படிச் சொல்வது?

இப்போது கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். "சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள் எங்கே?" என்ற கோபம் நியாயமானது. அங்கே நான் கேட்டவர் பக்கம்தான். ஆனால் அந்தக் கோபத்தை 2024 மேல் காட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு ஆண்டில் கடைக்கு வருவது நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவு.

சோனியின் நாட்டி டாக் ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்சார்ட்டட் 2007-ல், இரண்டாம் பாகம் 2009-ல், மூன்றாவது 2011-ல், தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013-ல். பிஎஸ்3 காலத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று கடிகாரம் போல வந்தன. பிஎஸ்4-ல் 2016, 2017, 2020. பிஎஸ்5 வந்தது 2020 நவம்பரில். 2024 முடியும்வரை அந்த ஸ்டுடியோவிலிருந்து பிஎஸ்5-க்கென்று ஒரு புத்தம் புதிய கேம்கூட வரவில்லை. மறுபதிப்புகள்தான்.

ஏன் இப்படி? ஒரு காரணம் செலவு. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவது தொடர்பான வழக்கு 2023-ல் நடந்தபோது, சோனி தாக்கல் செய்த ஆவணங்களில் கறுப்பு மையால் மறைத்த எண்கள் சரியாக மறையாமல் வெளியே தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். ஒரு கேமுக்கு இத்தனை பணமும் சில நூறு ஆட்களும் ஐந்து, ஆறு ஆண்டுகளும் ஆகிறதென்றால், ஒரு ஸ்டுடியோ ஒரு கன்சோல் தலைமுறைக்கு ஒன்றோ இரண்டோதான் தர முடியும்.

இன்னொரு காரணம், சோனி தானே தேடிக்கொண்டது. 2022-ல் 360 கோடி டாலர் கொடுத்து பங்கி என்ற கேம் ஸ்டுடியோவை வாங்கினார்கள். 2026 மார்ச்சுக்குள் 12 லைவ் சர்வீஸ் கேம்கள் (வெளியான பிறகும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஆன்லைன் கேம்கள்) என்று திட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் அந்தப் பன்னிரண்டைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்த மாதமே நாட்டி டாக் தன் தி லாஸ்ட் ஆஃப் அஸ் ஆன்லைன் கேமைக் கைவிட்டது. 2025 ஜனவரியில் சோனியின் பெண்ட் ஸ்டுடியோவும் புளூபாயிண்ட்டும் செய்துகொண்டிருந்த லைவ் சர்வீஸ் கேம்கள் ரத்தானது தெரியவந்தது. புளூபாயிண்ட் யார்? பிஎஸ்5 வெளிவந்த நாளிலேயே டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக்கைக் கொடுத்தவர்கள். அவர்கள் அதேபோல இன்னொன்று செய்திருந்தால் அது ஏறக்குறைய 2023, 2024 வாக்கில் வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆக, காலண்டரில் தெரிகிற ஓட்டை யாரும் சும்மா உட்கார்ந்திருந்ததால் விழுந்ததில்லை. வராமலே போன கேம்களைச் செய்துகொண்டிருந்ததால் விழுந்தது. இதற்கிடையே 2024 பிப்ரவரியில் சுமார் 900 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள், லண்டன் ஸ்டுடியோவை மூடினார்கள்.

இந்த முழுக் கதையும் ஒரே தேதியில் வந்து நின்றது. கான்கார்ட் என்ற ஐவருக்கு ஐவர் சுடும் கேம் ஆகஸ்ட் 23-ல் வந்தது. அதே வகையில் ஓவர்வாட்ச் 2, வாலரன்ட் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது, இதற்கு 40 டாலர் விலை வைத்தார்கள். பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் எண்ணிக்கை 700-ஐக்கூடத் தொடவில்லை. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6-ல், சர்வரை அணைத்து எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் அதைச் செய்த ஸ்டுடியோவையே மூடினார்கள். செப்டம்பர் 6 என்று சொன்னேன் அல்லவா? ஆஸ்ட்ரோ பாட் வெளியானதும் அதே நாள்தான்.

ஆஸ்ட்ரோ பாட்டைச் செய்தது டோக்கியோவில் இருக்கும் டீம் அசோபி. சுமார் 60 பேர், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். "அது குழந்தைகள் கேம், அதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று சிலர் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பிஎஸ்5 கன்ட்ரோலரை அதைச் செய்தவர்கள் நினைத்தபடி பயன்படுத்தும் கேம்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் முதல் விரல் இதற்குத்தான். புல் மேல் நடந்தால் உள்ளங்கையில் ஒரு மாதிரி, மணலில் வேறு மாதிரி, கண்ணாடி மேல் நடந்தால் டிக் டிக்கென்று சின்னதாக. கண்ணை மூடிக்கொண்டாலும் எதன் மேல் நடக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொரு விஷயம், இந்த கேம் எதையும் இழுத்தடிப்பதில்லை. ஒரு கட்டத்தில் ஒரு புது யுக்தியைக் கொடுக்கும், அதில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்க்கும், சலிப்பதற்கு முன்னால் பிடுங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுத்துவிடும். டிசம்பரில் 'ஆண்டின் சிறந்த கேம்' விருதும் இதற்கே போனது. சொந்த ஸ்டுடியோவிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

"சரி, மற்ற கேம்கள் எல்லாம் வேறு இடத்திலும் கிடைக்கிறதே, அதை எப்படி பிஎஸ்5 கணக்கில் எழுதுவது?" என்று அடுத்த கேள்வி வரும். யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் பிஎஸ்5 மட்டும் வைத்திருப்பவருக்கு, மெட்டஃபர் மைக்ரோசாஃப்ட்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸிலும் ஓடுகிறது என்பதால் இரவு ஆடும்போது ஒரு குறையும் வரப்போவதில்லை. நல்ல கேமிங் பிசி வைத்துக்கொண்டு கூடவே பிஎஸ்5 வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இது முக்கியமான கேள்வி. அவருக்கு 2024-ல் மிஞ்சுவது ஆஸ்ட்ரோ பாட், ரீபர்த், ஸ்டெல்லர் பிளேட், ரைஸ் ஆஃப் தி ரோனின் என்று கொஞ்சம்தான். அதிலும் ரீபர்த் 2025 ஜனவரியிலேயே பிசிக்கு வந்துவிட்டது, ஸ்டெல்லர் பிளேட் ஜூனில். அப்படிப்பட்டவர் "எனக்கு இந்த ஆண்டு தேவைப்படவில்லை" என்று சொன்னால் சரிதான். எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பென்டிமென்ட், ஹை-ஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ் என்று மைக்ரோசாஃப்ட்டின் நான்கு கேம்கள் அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிஎஸ்5-க்கு வந்தன. போட்டிக்காரன் வீட்டுப் பலகாரமும் நம் இலையில் விழுந்த ஆண்டு அது.

அந்த ஆண்டு வந்த ரீமாஸ்டர்கள், அதாவது பழைய கேமை மெருகேற்றித் திரும்ப வெளியிட்டவை, பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2-ல் புதிதாக ஒரு ஆட்ட முறையாவது சேர்த்தார்கள். ஹொரைசன் ஸீரோ டான் ஏற்கெனவே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 2015-ல் வந்த அன்டில் டானைக் கிட்டத்தட்ட முழு விலைக்குத் திரும்ப விற்றது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மூன்றையும் "வரிசையை நிரப்ப வந்தவை" என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

"முன்பெல்லாம் இப்படியா இருந்தது?" என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். பிஎஸ்4-ன் முதல் முழு ஆண்டான 2014-ல் சோனி என்ன கொடுத்தது? மார்ச்சில் இன்ஃபேமஸ்: செகண்ட் சன். ஜூலையில் முந்தைய ஆண்டு பிஎஸ்3-ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸின் ரீமாஸ்டர். கன்சோலோடு வர வேண்டிய டிரைவ்கிளப் தள்ளிப்போய் அக்டோபரில் வந்து, வந்த அன்றே சர்வர் படுத்துவிட்டது. நவம்பரில் லிட்டில் பிக் பிளானட் 3. தி ஆர்டர்: 1886 அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது. ஆனால் பிஎஸ்4 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பிளட்போர்ன், ஹொரைசன், காட் ஆஃப் வார், ஸ்பைடர்-மேன். அவை 2015, 2017, 2018 என்று பரந்து கிடந்தவை. நினைவு அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பொற்காலமாக்கிவிடுகிறது.

உண்மையிலேயே ஒரு கன்சோலின் ஆண்டு ஏமாற்றமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் நின்டெண்டோ வீ யூ-வின் 2013-ஐப் பாருங்கள். 2012 நவம்பரில் கன்சோல் வந்தது. பிக்மின் 3-க்கு அடுத்த ஆண்டு பாதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரேமன் லெஜண்ட்ஸ் வீ யூ-வுக்கு மட்டும் என்று சொல்லி பிப்ரவரிக்குத் தேதி குறித்திருந்தார்கள். செய்து முடித்த கேமையே யூபிசாஃப்ட் செப்டம்பர்வரை நிறுத்தி வைத்து, எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3-க்கும் சேர்த்து வெளியிட்டது. மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கையைக் கழுவின. மொத்த ஆயுளில் அந்த கன்சோல் விற்றது 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான். கன்சோல் தயாரிப்பவரின் கேம் வராததைவிட, மற்றவர்களின் கேம் வராமல் போவதுதான் அபாயம். 2024-ல் பிஎஸ்5-க்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

அப்புறம் ஏன் இத்தனை பேருக்கு ஏமாற்றமாகப் பட்டது? என் கணிப்பில் பாதிப் பழி வரப்போகும் கேம்களைக் காட்டும் நிகழ்ச்சியான 2023 மே மாதத்து பிளேஸ்டேஷன் ஷோகேஸ் மேல்தான். அங்கே ஸ்பைடர்-மேன் 2-ஐ ஆடிக் காட்டினார்கள். மற்றபடி சோனி தன் பங்குக்கு மேடையில் நிறுத்தியது மாரத்தான், ஃபேர்கேம்ஸ், கான்கார்ட், ஹெல்டைவர்ஸ் 2. எல்லாம் ஆன்லைன். வுல்வரின் என்ற கேம் 2021 செப்டம்பரில் ஒரு சின்ன டிரெய்லரோடு அறிவிக்கப்பட்டு, 2024 முடியும்வரை சோனி அதை முறையாகக் காட்டவே இல்லை. அந்த ஷோகேஸ் முடிந்தபோதே பலர் 2024-ஐ மனசுக்குள் கழித்துவிட்டார்கள். பிறகு வந்ததெல்லாம் அந்தத் தீர்ப்புக்கு மேல் வந்தது.

எனவே கேட்டவருக்கு: நீங்கள் தனியாக உட்கார்ந்து ஆடும், சினிமா போலக் கதை சொல்லும் சோனி கேம்களுக்காக மட்டும் பிஎஸ்5 வாங்கியவராக இருந்தால், ஆம், 2024 உங்களுக்கானதாக இல்லை. அந்த வகையில் அடுத்து வந்தது 2025 ஜூன் 26-ல் டெத் ஸ்ட்ராண்டிங் 2, அக்டோபர் 2-ல் கோஸ்ட் ஆஃப் யோதெய். மற்றவர்கள் ஆஸ்ட்ரோ பாட்டிலிருந்து தொடங்குங்கள். ரீபர்த்துக்கு முன்னால் முதல் பாகமான ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதையில் தலையும் புரியாது வாலும் புரியாது. ஹெல்டைவர்ஸ் 2-க்கு மட்டும் மூன்று நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள், தனியாக ஆடினால் பாதிச் சுவைகூட இருக்காது.